போரில் கொன்றவனுக்கு எத்தனை நாள் தபசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போரும் மதமும் பற்றித் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையையும், அதையொட்டித் தொடர்ந்து வரும் வாசகர் கடிதங்களையும் முன்வைத்து இதை எழுதுகிறேன். ஒரு தரப்பு, 'சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்' என்ற இயேசுவின் வசனத்தைக் காட்டி, கிறிஸ்தவம் போரின் மதம் என்கிறது. மறுதரப்பு மறுகன்னத்தைக் காட்டி, சிலுவைப்போர் எல்லாம் வழிதவறிய யாரோ செய்தது என்று கைகழுவிவிடுகிறது. இரு தரப்பும் தொடாத ஒன்று உண்டு. நியாயமானது என்று தானே ஒப்புக்கொண்ட போரில் கொன்றவனுக்கும் திருச்சபை ஒரு காலத்தில் பரிகாரத் தபசு, அதாவது பாவத்துக்கு ஈடாகச் செய்யும் நோன்பும் ஒடுக்கமும், விதித்தது. ஆள் கணக்கு, நாள் கணக்கு எல்லாம் போட்டு விதித்தது. அந்தக் கணக்குப் புத்தகம் எப்போது மூடப்பட்டது என்று பார்த்தால் மற்றதெல்லாம் ஓரளவு விளங்கும்.

முதலில் வசனங்கள். மத்தேயு 10:34-ல் வரும் 'பட்டயம்' இன்றைய வாசகரைக் குழப்பும் சொல். பாலிடெக்னிக்கில் வாங்குவதும் பட்டயம், செப்பேட்டில் வெட்டியதும் பட்டயம். பழைய வேதாகமத் தமிழில் அது வாள். பொது மொழிபெயர்ப்பு 'வாளையே கொணர வந்தேன்' என்றே சொல்கிறது. இதே வாக்கை லூக்கா 12:51 'சமாதானத்தையல்ல, பிரிவினையையே' என்று பதிவு செய்திருக்கிறது. மத்தேயுவிலும் அடுத்த வசனத்தைப் படித்தால் போதும்: மகனுக்கும் தகப்பனுக்கும், மருமகளுக்கும் மாமிக்கும் வரும் பிளவைப் பற்றிய பேச்சு அது. மீகா 7:6-லிருந்து எடுத்தது. வீட்டுக்குள் விழும் வெட்டைப் படையெடுப்புக்கான ஆணையாக வாசிக்க இடமில்லை.

லூக்கா 22:36-ம் அப்படித்தான். வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் வாங்க இயேசு சொன்னார் என்பார்கள். இரண்டு வசனம் தள்ளி, 'இங்கே இரண்டு பட்டயம் இருக்கிறது' என்று சீஷர்கள் சொன்னதும் 'போதும்' என்றார். யூதாஸ் நீங்கிப் பதினொரு பேருக்கு இரண்டு வாள். அதை வைத்துக்கொண்டு யாரும் படை நடத்த முடியாது. இயேசுவைப் பிடிக்க வந்தபோது அதில் ஒன்றைப் பேதுரு உருவினார்; போனது ஒரு வேலைக்காரனின் காது. அதையும் தொட்டுச் சுகமாக்கிவிட்டு, 'உன் பட்டயத்தைத் திரும்ப அதின் உறையிலே போடு' என்றார். இந்த இரண்டு வாள்களை வைத்துத்தான் 1302-ல் எட்டாம் போனிஃபாஸ் போப், ஆன்மிக அதிகாரம் ஒன்று, உலக அதிகாரம் ஒன்று, இரண்டும் திருச்சபையின் கைக்குள் என்று சாசனம் எழுதினார். கெத்செமனேயில் காது அறுத்த வாளுக்கு இவ்வளவு பெரிய உத்தியோகம் கிடைக்கும் என்று பேதுருவே நினைத்திருக்க மாட்டார்.

மறுகன்னத் தரப்பும் சில வசனங்களைத் தாண்டிக் குதிக்கிறது. யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து 'நாங்கள் என்ன செய்யவேண்டும்' என்று கேட்டபோது, வேலையை விடச் சொல்லவில்லை. ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமல், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல், சம்பளமே போதுமென்று இருக்கச் சொன்னார் (லூக்கா 3:14). ரோமப் படை அதிகாரி கொர்நேலியு ஞானஸ்நானம் பெற்றபோதும் அவருடைய நூற்றுக்கு அதிபதி பதவி பற்றிப் பேச்சே இல்லை. 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளையின் எபிரேயச் சொல்லும் வழக்கமாகப் போர்க்களச் சாவுக்குப் பயன்படும் சொல் அல்ல. ஏசாயா 2:4 வாளை மண்வெட்டியாக அடிக்கச் சொல்கிறது. யோவேல் 3:10 மண்வெட்டியை வாளாக அடிக்கச் சொல்கிறது. ஒன்றை மட்டும் சுவரில் எழுதி மாட்டுவது சுலபம்.

ஆனால் இந்த வாதங்களில் யாரும் எடுக்காத பகுதி எண்ணாகமம் 31. அது வாசிக்கவே கூசும் அதிகாரம். மீதியானியர்மேல் போய்ப் பெண்களையும் ஆண்பிள்ளைகளையும்கூடக் கொல்லச் சொல்லும் கட்டளை அதில் இருக்கிறது. அதை மழுப்ப வழியில்லை. அதே அதிகாரத்தின் 19-ம் வசனம் முதல் வேறொன்று வருகிறது. கர்த்தரே அனுப்பிய போர் என்று சொல்லப்பட்டதிலிருந்து திரும்பிய வீரர்கள், யாரையாவது கொன்றிருந்தால், வெட்டுண்டவனைத் தொட்டிருந்தால், ஏழு நாள் பாளயத்துக்கு வெளியே தங்க வேண்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சுத்திகரிப்பு. துணி, தோல், ஆட்டுமயிர், மரச்சாமான் எல்லாம் சுத்திகரிக்கப்பட வேண்டும். பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, தகரம், ஈயம் ஆகிய ஆறும் தீயில் போட்டு எடுக்கப்பட வேண்டும். வென்றவன் நேராக வீட்டுக்கு வர முடியாது. தாவீதின் கதையும் இதோடு சேரும். கர்த்தருடைய யுத்தங்களை நடத்தினவர் என்று பெயர் வாங்கியவர். ஆனாலும் திரளான இரத்தம் சிந்தியதால் ஆலயம் கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டார் (1 நாளாகமம் 22:8). போர் அனுமதிக்கப்பட்டதா என்பது ஒரு கேள்வி, கொன்ற கை சுத்தமா என்பது வேறொரு கேள்வி என்று இந்தப் பகுதிகள் பிரித்து வைத்திருக்கின்றன.

ஆதித் திருச்சபைக்கு வருகிறேன். முதல் முந்நூறு ஆண்டுகள் ஒரு கிறிஸ்தவர்கூடப் படையில் இல்லை என்று கட்டுரையில் இருந்தது. அது சரியல்ல. 295 மார்ச் 12-ல், வட ஆப்பிரிக்காவின் தெவெஸ்தே நகரில், 21 வயது மாக்சிமிலியன் 'நான் கிறிஸ்தவன், படையில் சேர மாட்டேன்' என்று மறுத்துத் தலை இழந்தார். அந்த விசாரணைக் குறிப்பிலேயே, பேரரசர்களின் மெய்க்காவல் படையில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று ஆளுநர் கேட்கிறார். அவர்களுக்குத் தகுவது அவர்களுக்குத் தெரியும் என்பது மாக்சிமிலியன் சொன்ன பதில். படையில் ஆட்கள் இருந்தார்கள், போதகர்கள்தான் ஒப்பவில்லை. பேதுருவின் வாளைக் கீழே போடச் சொன்னதன் மூலம் ஆண்டவர் எல்லாப் படைவீரரின் இடுப்புக் கச்சையையும் அவிழ்த்துவிட்டார் என்று ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். ஹிப்போலித்தஸ் பெயரில் வழங்கும் மூன்றாம் நூற்றாண்டு ஒழுங்குமுறை நடைமுறைக்கே இறங்கிவிடுகிறது: படையில் இருக்கும்போதே விசுவாசத்துக்கு வந்தவன் இருக்கலாம், ஆனால் கொல்லக் கூடாது, கொல்லச் சொன்னால் மறுக்க வேண்டும், சத்தியப்பிரமாணம் எடுக்கக் கூடாது. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிற ஒருவன் புதிதாகப் படையில் சேர விரும்பினால், அவனை நீக்கிவிட வேண்டும். உள்ளே இருப்பவனுக்கு ஒரு சட்டம், உள்ளே போக நினைப்பவனுக்கு இன்னொரு சட்டம்.

312-க்குப் பிறகு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்தின் பக்கம் வந்து எல்லாம் மாறியது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். வட ஆப்பிரிக்க ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தீனார் போருக்கு உரிமம் கொடுத்தார் என்பதில் பாதிதான் உண்மை. 418-ஐ ஒட்டி போனிஃபாஸ் என்ற படைத்தலைவருக்கு எழுதிய கடிதத்தில், நீ விரும்ப வேண்டியது சமாதானத்தை, போர் தேவையால் மட்டுமே நேரவேண்டியது என்கிறார். நியாயமான போரை நடத்த நேர்ந்ததற்காகவும் ஞானி அழுவான் என்று வேறோரிடத்தில் எழுதினார்.

அந்த அழுகைக்கு எண் கொடுத்தவர் கப்பதோக்கியாவின் செசரியா ஆயர் பசிலியார். 374-ஐ ஒட்டி ஒரு சக ஆயருக்கு அவர் எழுதிய விதிகளில் 13-வது இது: போரில் கொல்வதை நம் முன்னோர் கொலையில் சேர்க்கவில்லை, ஆனாலும் அவர்கள் கை சுத்தமில்லாததால், மூன்று ஆண்டுகள் நற்கருணை (ஆலயத்தில் பகிரப்படும் திருவிருந்து) எடுக்காமல் இருக்க அறிவுரை சொல்வது நல்லது. மூன்று ஆண்டு எவ்வளவு பெரியது என்பதை அவருடைய மற்ற விதிகளின் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வேண்டுமென்றே கொலை செய்தவனுக்கு 20 ஆண்டுகள்: நான்கு ஆண்டு ஆலய வாசலுக்கு வெளியே அழுதுகொண்டு, ஐந்து ஆண்டு வேதவாசிப்பை மட்டும் கேட்டுவிட்டு, ஏழு ஆண்டு மண்டியிட்டு, நான்கு ஆண்டு சபையோடு நின்றும் நற்கருணை இல்லாமல். தவறுதலாகக் கொன்றவனுக்கு இதே படிகளில் 10 ஆண்டுகள். படைவீரனுக்கு மூன்று. குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒன்றும் நடக்காதது போல வந்து கை நீட்டவும் விடவில்லை.

இந்த விதி பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தது என்று 12-ம் நூற்றாண்டு பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) திருச்சபைச் சட்ட உரையாசிரியர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எல்லை ஓரத்தில் ஓயாமல் சண்டை போடும் ஒரு வீரன், மூன்று ஆண்டு, மூன்று ஆண்டு என்று கூட்டிக்கொண்டே போனால் சாகும்வரை நற்கருணைப் பந்திக்கு வர முடியாது. ஆனால் ஏட்டில் இருந்ததும் ஒருநாள் வேலை செய்தது. 963 முதல் 969 வரை ஆண்ட பைசாந்தியப் பேரரசர் நிக்கிஃபோரஸ் ஃபோகாஸ், போரில் விழும் தன் வீரர்களை இரத்தசாட்சிகளாக அறிவிக்கச் சொன்னார். கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை (தலைமை ஆயர்) பொலியூக்டஸும் ஆயர்களும் பசிலியாரின் 13-ம் விதியை எடுத்து நீட்டினார்கள்: மூன்று ஆண்டு பந்திக்கு வெளியே நிற்க வேண்டியவரை எப்படிப் பீடத்தில் ஏற்றுவது? பேரரசர் கேட்டது கிடைக்கவில்லை.

மேற்கில் இதைவிட நுணுக்கமான ஆவணம் இருக்கிறது. 1066-ல் நார்மண்டி கோமகன் வில்லியம் இங்கிலாந்தின்மேல் படையெடுத்து ஹேஸ்டிங்ஸில் வென்றார். இரண்டாம் அலெக்சாண்டர் போப்பின் ஆதரவு பெற்ற போர் என்று நார்மானியர் பெருமையடித்துக்கொண்டது அது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், நார்மண்டி ஆயர்கள் அந்தப் படைக்கே ஒரு தபசுப் பட்டியல் போட்டார்கள். போப்பின் தூதரான சியோன் ஆயர் எர்மன்ஃபிரிட் அதை உறுதிப்படுத்தினார். பெரும் போரில் ஒருவனைக் கொன்றதாகத் தெரிந்தவன், கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஓராண்டு. அடித்தான், ஆனால் செத்தானா இல்லையா தெரியாது என்றால், ஆளுக்கு 40 நாள். எத்தனை பேர் என்றே நினைவில்லாதவன், வாழ்நாள் முழுதும் வாரத்தில் ஒரு நாள். யாரையும் அடிக்கவில்லை, ஆனால் அடிக்க நினைத்தான் என்றால் மூன்று நாள்.

வில்லாளிகள் பகுதியில்தான் அந்த ஆயர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. வாள்வீரனுக்குத் தான் வெட்டியவன் முகம் தெரியும். அம்பு விட்டவனுக்கு அது எங்கே விழுந்தது என்றே தெரியாது. எண்ணிக்கை கேட்பதில் பொருளில்லை. ஆகவே அவர்களுக்கு மொத்தமாக மூன்று தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்). களம் முடிந்த பிறகு நடந்ததற்குத் தனிக் கணக்கு: பசிக்கு உணவு தேடிப் போன இடத்தில் எதிர்த்தவனைக் கொன்றிருந்தால் ஆளுக்கு ஓராண்டு; அதே கொலையைக் கொள்ளைக்குப் போன இடத்தில் செய்திருந்தால் ஆளுக்கு மூன்றாண்டு. கூலிக்காக மட்டும் சண்டைக்கு வந்தவனுக்குச் சாதாரணக் கொலைக்குரிய தபசே. ஒரே போர், ஒரே எதிரி. எதற்காக, எந்த நிலையில், எப்படிக் கொன்றாய் என்று பிரித்துப் பிரித்துக் கேட்கிறார்கள்.

ஓட்டையும் அதே ஆவணத்தில்தான் இருக்கிறது. எண்ணிக்கை தெரியாதவன் விரும்பினால் வாரம் ஒரு நாள் தபசுக்குப் பதில் ஓர் ஆலயம் கட்டலாம், அல்லது மானியம் எழுதி வைக்கலாம். இது யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. வில்லியம் போர்க்களத்திலேயே ஒரு மடம் கட்டினார். தோற்ற இங்கிலாந்து அரசர் ஹரால்டு விழுந்த இடத்தில்தான் அதன் தலைமைப் பீடம் என்பது மரபு. வில்லாளிக்கு மூன்று தவக்காலப் பட்டினி, அரசருக்குக் கட்டட வேலை.

இதற்கு முன்பே சண்டையைக் குறைக்கத் திருச்சபை வேறு வழியும் பார்த்திருந்தது. 989-ல் பிரான்சின் ஷாரூவில் ஆயர்கள் கூடிய சங்கம் ஆலயங்களையும் ஏழைகளின் கால்நடைகளையும் ஆயுதமற்ற குருக்களையும் தொடுபவனைச் சபிப்பதாக அறிவித்தது. பிறகு 'தேவ சமாதான விடுப்பு' வந்தது; முதலில் ஞாயிறு மட்டும், சில பத்தாண்டுகளில் புதன் மாலை முதல் திங்கள் காலை வரை சண்டைக்குத் தடை. எது கெடுத்தது என்றால், மீறுபவனைத் தண்டிக்க ஆள் வேண்டியிருந்தது. பூர்ஷ் நகரப் பேராயர் 1038-ல் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிடமும் பிரமாணம் வாங்கி, குருக்களையும் சேர்த்துச் 'சமாதானப் படை' திரட்டினார். அந்தப் படை கோட்டைகளை இடித்தது, ஒன்றை உள்ளே இருந்தவர்களோடு எரித்தது, கடைசியில் ஷேர் ஆற்றங்கரையில் நொறுங்கியது. அன்று செத்த குருக்கள் மட்டும் 700 பேர் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

இனி திருப்பம். ஹேஸ்டிங்ஸ் தபசுப் பட்டியலுக்கு முப்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1095 நவம்பரில், முதல் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்த இரண்டாம் அர்பன் போப்பின் கிளெர்மோன் சங்கத்து விதி சொல்கிறது: புகழுக்கோ பணத்துக்கோ அல்லாமல், பக்தியால் மட்டும் எருசலேமை மீட்கப் போகிறவனுக்கு, அந்தப் பயணமே எல்லாத் தபசுக்கும் ஈடாகும். போருக்காகத் தபசு என்பது போய், போரே தபசு என்றானது. கணக்குப் புத்தகத்தில் பற்றுப் பக்கத்தில் இருந்ததை வரவுப் பக்கத்துக்கு மாற்றி எழுதினால் போதும், கடன்காரன் பணக்காரன் ஆகிவிடுவான். எருசலேம் போய்ச் சேருமுன்பே, 1096-ல் ரைன் நதிக்கரையின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகர யூதர்கள்மேல் அந்தத் தபசு இறங்கியது. ஸ்பையர் ஆயர் தன் ஊர் யூதரில் பெரும்பாலானோரைக் காப்பாற்றினார். மைன்ஸில் பேராயரின் மாளிகைக்குள் அடைக்கலம் புகுந்தும் பிழைக்கவில்லை. 1099 ஜூலை 15-ல் எருசலேமைப் பிடித்தபோது நடந்த படுகொலையைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

நியாயமான போருக்கு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வைத்த மூன்று நிபந்தனைகளைக் கட்டுரை சரியாகவே சொன்னது: ஆட்சியாளரின் அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். அவர் இதை எந்த இடத்தில் பேசுகிறார் என்பதையும் சேர்த்திருக்கலாம். அன்புக்கு எதிரான பாவங்களின் வரிசையில், சபைப் பிளவுக்கும் அடிதடிக்கும் பக்கத்தில் போர் வருகிறது. 'போரிடுவது எப்போதும் பாவமா' என்பதே அவருடைய கேள்வி. பாவம் என்பதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு விலக்கு எப்போது என்று தேடுகிறார். பின்னால் வந்தவர்கள் விலக்கை எடுத்துக்கொண்டு தொடக்கத்தை மறந்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 விசுவாசப் பிரமாணங்களில் 37-வதைப் பாருங்கள். ஆட்சியாளர் கட்டளையிட்டால் கிறிஸ்தவர்கள் ஆயுதம் தாங்கி 'நியாயமான போர்களில்' ஈடுபடலாம் என்பது லத்தீன் மூலம். 1571-ன் ஆங்கில வடிவத்தில் 'நியாயமான' என்ற சொல்லே இல்லை; வெறும் போர்கள். ஆங்கிலிக்கன் மரபில் வந்த நம் ஊர்ச் சபைகளும் இதைக் கவனித்தால் நல்லது.

நிபந்தனைகள் எங்கே முறிகின்றன என்றால், சரிபார்ப்பவர் யார் என்பதில். போர் தொடுப்பவரே தம் காரணத்தைச் சோதித்துத் தாமே தேர்ச்சி போட்டுக்கொள்கிறார். சாலமான்காவில் 1539-ல் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா, போர் அநியாயம் என்று உறுதியாகத் தெரிந்த குடிமகன், அரசரே சொன்னாலும் போகக் கூடாது என்று கற்பித்தார். லூதரும் 1526-ல் ஏறக்குறைய அதையே எழுதினார். படிக்க நன்றாக இருக்கிறது. 1943-ல் ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடெகுண்ட் கிராமத்து விவசாயி ஃபிரான்ஸ் யாகர்ஷ்டேட்டர் ஹிட்லரின் படையில் ஆயுதம் தாங்க மறுத்தபோது, போர் நியாயமா என்று தீர்ப்பது குடும்பஸ்தனான உன் வேலையல்ல என்பதுதான் அவருடைய ஆயர் கொடுத்த ஆலோசனை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 9-ல் அவர் தலை துண்டிக்கப்பட்டது. 2007 அக்டோபரில் லின்ஸ் பேராலயத்தில் முக்திப்பேறு பெற்றவராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அறிவிக்கப்பட்டபோது, அவர் மனைவி 94 வயதில் முன்வரிசையில் இருந்தார்.

இது பழங்கதை இல்லை. ரஷ்யாவில் உக்ரைன் போருக்கு ஆள் திரட்டும் ஆணை வந்த நான்காம் நாள், 2022 செப்டம்பர் 25-ல், மாஸ்கோ முதுபெரும் தந்தை கிரில், கடமையைச் செய்யும்போது சாகும் வீரனின் தியாகம் அவன் செய்த எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும் என்று பிரசங்கித்தார். பொலியூக்டஸ் எந்தச் சபை மரபில் நின்று பேரரசருக்கு மறுத்தாரோ, அதே ஆர்த்தடாக்ஸ் மரபு. பசிலியாரின் 13-ம் விதி அந்தச் சபையின் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. மறுபக்கம், பிரான்சிஸ் போப் 2020 சுற்றுமடலில், நியாயமான போர் பற்றிப் பேச முந்தைய நூற்றாண்டுகளின் அளவுகோல்களைத் துணைக்கு அழைப்பது இன்று மிகவும் கடினம் என்று எழுதினார். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு கட்டுரை தாங்கள் வெளியிட்டால் பயனாக இருக்கும்.

கடைசியாக, இரண்டு திருத்தங்கள். முதல் முந்நூறு ஆண்டு பற்றிய வரியை மேலே சொன்னேன். இன்னொன்று, 1139-ன் இரண்டாம் லாத்தரன் சங்கம் குறுக்குவில்லை மனிதத்தன்மையற்ற ஆயுதம் என்று தடை செய்ததாக ஒரு வாசகர் பெருமையோடு எழுதியிருந்தார். 29-வது விதி அது. அவர் மேற்கோள் காட்டிய வாக்கியத்தில் மூலத்தின் சில சொற்கள் விடுபட்டிருக்கின்றன: 'கிறிஸ்தவர்களுக்கும் கத்தோலிக்கருக்கும் எதிராக' அதைப் பயன்படுத்துவதைத்தான் அந்தச் சங்கம் தடை செய்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.